சிறுநீரகக் கல்லுக்கு எந்தச் சிகிச்சை? அறிக்கையைப் படிப்பதிலிருந்து முடிவெடுப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுநீரகத்தில் கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, “லேசரா, அதிர்வலையா?” என்பதுதான். கருவியின் பெயரிலிருந்து தொடங்கினால் முடிவு தடம் மாறிவிடும். கல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு கெட்டியானது, சிறுநீரின் பாதையை அடைக்கிறதா, கிருமித்தொற்று சேர்ந்திருக்கிறதா என்ற ஐந்துக்கும் விடை தெரிந்தால், பொருந்தாத சிகிச்சைகள் தாமாகவே விலகிப் போகும். மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். அந்த இரண்டில் எதை எடுப்பது என்பதில்தான் உங்கள் விருப்பத்துக்கு இடம் இருக்கிறது.

அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவர் முன் உட்காரும்போது என்ன கேட்பது, அவர் சொல்வதை எப்படி எடைபோடுவது என்று தெரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது.

முதல் படி: யோசிக்க நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்

சிகிச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. கல் வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் அது அவசரம். அடைபட்ட சிறுநீரகத்தில் தேங்கிய நீரில் கிருமி பெருகினால், சில மணி நேரத்தில் அது ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சிறுநீர் அறவே வராமல் நின்றுபோவது, ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு அதில் அடைப்பு, இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடைப்பு, ஊசி போட்டும் அடங்காத வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி ஆகியவையும் இதே வரிசைதான். கர்ப்பிணிக்கு வரும் கல் வலியையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தொற்று சேர்ந்த நிலையில் மருத்துவர் உடனே கல்லை உடைக்க மாட்டார். அது பலருக்கு வியப்பாக இருக்கும், “கல்லை எடுக்காமல் எதற்கு இந்தக் குழாய்?” என்று கோபப்படும் உறவினர்களும் உண்டு. தொற்று இருக்கும்போது கல்லைச் சீண்டினால் கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்படும். ஆகவே முதலில் தேங்கிய நீருக்கு வழி திறந்துவிடுவார்கள். சிறுநீர்ப்பை வழியாக உள்ளே ஒரு ஸ்டென்ட், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய், வைப்பது ஒரு முறை. முதுகுப்புறத்திலிருந்து நேராகச் சிறுநீரகத்துக்குள் ஒரு வடிகுழாய் வைப்பது இன்னொரு முறை. கிருமி எதிர்ப்பு மருந்து கொடுத்துத் தொற்று அடங்கிய பிறகு, ஓரிரு வாரங்கள் கழித்துக் கல்லைக் கவனிப்பார்கள். இந்தத் தாமதம் அலட்சியம் அல்ல, சரியான வரிசை.

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் நிதானமாக யோசிக்கலாம். “நாளைக்கே செய்துவிட வேண்டும்” என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் என்று காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாம் படி: அறிக்கையை நீங்களே படியுங்கள்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கதிர்வீச்சு இல்லாதது, எளிது. சிறுநீரகம் வீங்கியிருப்பதை நன்றாகக் காட்டும். ஆனால் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் இருக்கும் கல்லைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். அளவையும் சற்றுக் கூட்டிக் காட்டும். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில், சாயம் செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் நம்பகமானது. குறைந்த கதிர்வீச்சில் அதை எடுக்கும் முறையும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அல்ட்ராசவுண்டில்தான் தொடங்குவார்கள்.

அறிக்கை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “வலது சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 6 மி.மீ. கல், அடர்த்தி 850 எச்.யு.; லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ்.” இந்த ஒரு வரியில் வேண்டியதெல்லாம் இருக்கிறது.

6 மி.மீ. என்பது அளவு. இரண்டு மூன்று அளவுகள் கொடுத்திருந்தால் மிகப் பெரியதைக் கணக்கில் எடுங்கள். கல் தானாக வெளியேறுமா என்ற கேள்விக்கு மட்டும் அதன் அகலம்தான் அதிகம் பேசும். சிறுநீர்க்குழாய் சுமார் 25 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும், உள்விட்டம் 3 அல்லது 4 மி.மீ.தான். அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால்தான் 5 மி.மீ. கல்லும் பலருக்கு வெளியே வந்துவிடுகிறது.

கீழ்ப்பகுதி என்பது இடம். குழாயில் மூன்று குறுகலான இடங்கள் உண்டு: சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடம், இடுப்பெலும்பின் அருகே பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் சிக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான். கீழே வந்துவிட்ட கல்லுக்கு வெளியேறும் வாய்ப்பு அதிகம்.

850 எச்.யு. என்பது ஹவுன்ஸ்ஃபீல்டு எண், அதாவது ஸ்கேனில் தெரியும் அடர்த்தி. 1,000-ஐத் தாண்டினால் அதிர்வலைக்குக் கல் எளிதில் உடையாது. 500-க்குக் கீழே இருந்தால் அது யூரிக் அமிலக் கல்லாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழ வேண்டும்; அப்படியானால் கத்தியும் வேண்டாம், கருவியும் வேண்டாம், மருந்திலேயே கரைக்கும் வாய்ப்பு இருக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் சி.டி.யில் மட்டும் தெரியும் கல் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். பல அறிக்கைகளில் இந்த எண்ணைக் குறிப்பிடுவதே இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டால் கணினியிலிருந்து எடுத்துத் தருவார்கள். கேளுங்கள்.

ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்பது நீர் தேங்கி வீங்கிய சிறுநீரகம். லேசானது என்றால் அவகாசம் உண்டு. கடுமையானது என்றால் காத்திருக்கும் நாட்கள் குறையும்.

ஸ்கேனோடு மூன்று எளிய பரிசோதனைகளும் வேண்டும்: சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர். கடைசியாகச் சொன்னதைப் பார்க்காமல் எந்தக் கல் அறுவைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அறுவைக்குப் பின் வரும் கடுமையான தொற்றுகளில் பலவற்றைத் தவிர்க்கும் படி அது.

மூன்றாம் படி: ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா?

எல்லாக் கல்லையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, வலியோ அடைப்போ தொற்றோ தராத சிறிய சிறுநீரகக் கல்லை வருடத்துக்கொரு ஸ்கேனோடு கண்காணித்து வரலாம். அது வளர்ந்தாலோ, இடம் பெயர்ந்தாலோ, வலி கொடுத்தாலோ முடிவை மாற்றிக்கொள்ளலாம். விதிவிலக்கு சிலருக்கு உண்டு: விமானி போன்ற, பணியின் நடுவே திடீர் வலி வந்தால் பிறர் உயிருக்கே ஆபத்து என்ற வேலையில் இருப்பவர்கள், மருத்துவமனையே இல்லாத இடங்களில் மாதக்கணக்கில் இருக்க வேண்டியவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள். இவர்களுக்குச் சிறிய கல்லையும் முன்கூட்டியே எடுத்துவிடுவது நியாயமான முடிவுதான்.

குழாயில் இறங்கிவிட்ட கல்லின் கதை வேறு. 5 மி.மீ.க்குக் குறைவான கல் மூன்றில் இரண்டு பேருக்குத் தானாக வெளியேறுகிறது. 5 முதல் 10 மி.மீ. வரை உள்ளது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். 10 மி.மீ.க்கு மேல் அந்த நம்பிக்கை வைப்பதில் பயனில்லை. காத்திருப்பது என்று முடிவெடுத்தால் அதற்கு எல்லை நான்கு முதல் ஆறு வாரம். அதற்கு மேல் அடைப்பு நீடித்தால் சிறுநீரகத்தின் செயல்பாடு திரும்பாமலே போகக்கூடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வலி நின்றுவிட்டது என்பதாலேயே கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைப்பு நாள்பட நீடிக்கும்போது சிறுநீரகத்துக்குள் அழுத்தம் தணிந்து வலியும் அடங்கிவிடும். கல் அங்கேயே இருக்கும், சிறுநீரகம் சத்தமில்லாமல் பாழாகும். வலி அடங்கியதும் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, வருடங்கள் கழித்து ஸ்கேனில் சுருங்கிய சிறுநீரகத்தைப் பார்ப்பவர்கள் இந்தப் பொறியில் விழுந்தவர்கள். கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

ஆகவே காத்திருக்கும் நாட்களில் சிறுநீரை ஒரு நுண்ணிய சல்லடையிலோ மெல்லிய துணியிலோ வடிகட்டுங்கள். வெளியே வருவது பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், சொரசொரப்பாக, குருணையைவிடப் பெரிதாக இருக்காது; இதுவா இத்தனை பாடுபடுத்தியது என்று தோன்றும். அதைத் தூக்கி எறியாமல் காய வைத்து ஒரு சிறு டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுங்கள். அது எந்த வகைக் கல் என்று தெரிந்தால் அடுத்த கல்லைத் தடுக்க வழி தெரியும்.

நான்காம் படி: மருந்து எதுவரை உதவும்?

வலிக்கு முதல் மருந்து டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற அழற்சி நீக்கிகள். வலிக்குக் காரணமான உள் அழுத்தத்தையே குறைப்பதால் இவை கல் வலிக்கு நன்றாகக் கேட்கும். சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே குறைந்தவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், இதய நோயாளிகள் இவற்றைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

வலி வரும் நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அடைப்புக்கு மேலே நீர் சேரச் சேர வலி கூடத்தான் செய்யும். தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். நிறைய குடிப்பதன் பலன் பின்னால், தடுப்பில்தான் வருகிறது.

குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையைப் பலருக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். பயன் எவ்வளவு என்பதில் மருத்துவ உலகிலேயே கருத்து வேறுபாடு உண்டு. 2015-இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், குழாயின் கீழ்ப்பகுதியில் இருக்கும் 5 முதல் 10 மி.மீ. கல்லுக்கு ஓரளவு உதவுகிறது என்கிறார்கள். என் பார்வையில் 4 மி.மீ. கல்லுக்கு இது வீண். அது எப்படியும் வரப்போகிறது. 7 மி.மீ. கல் கீழே சிக்கியிருந்தால் முயன்று பார்க்கலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். ஆண்களுக்கு விந்து வெளியேறுவது குறையலாம், மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும். கண்புரை அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கல்லைக் கரைப்பது என்ற பேச்சுக்கு வருவோம். கற்களில் பெரும்பங்கு கால்சியம் ஆக்சலேட். அதைக் கரைக்கும் மாத்திரையோ பொடியோ சாறோ கிடையாது. “ஒரு மாதத்தில் கரைந்துவிட்டது” என்று காட்டப்படும் கற்களில் பல, தானாக வெளியேறக்கூடிய சிறு கற்களே. கரையும் கல் யூரிக் அமிலக் கல் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்து கொடுத்துச் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டி, பி.எச். அளவை 6.5-லிருந்து 7.2-க்குள் வைத்திருந்தால், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரிய கல்லும் கரைந்துவிடும். பி.எச். பட்டையை வைத்து வீட்டிலேயே தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் அபாயம் உண்டு என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. பொறுமை வேண்டும்தான், ஆனால் மயக்க மருந்தும் அறுவையும் இல்லாமல் கல் போகிறது என்றால் அந்தப் பொறுமைக்கு நல்ல விலைதானே.

ஐந்தாம் படி: மூன்று சிகிச்சைகளின் உண்மை முகம்

காத்திருப்பதும் மருந்தும் பொருந்தவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. திறந்த அறுவை இன்று மிக அரிது.

அதிர்வலை சிகிச்சை. 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலில் மனிதருக்குச் செய்யப்பட்டது. உடலில் எந்தத் துளையும் இல்லை. மேசையில் படுக்க வைத்து, இடுப்புக்கும் கருவிக்கும் இடையே நீர் நிரம்பிய மெத்தை போன்ற ஒன்றை அழுத்தி, எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டில் கல்லைக் குறிவைத்து வெளியிலிருந்து அலைகளைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு அடியும் விரலால் சுண்டுவதுபோல் உறைக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அன்றே வீடு திரும்பலாம்.

மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம், கீறல் இல்லை என்றதும் எல்லோரின் மனமும் இதன் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் இது கல்லை எடுப்பதில்லை, உடைக்க மட்டுமே செய்கிறது. துண்டுகளை வெளியேற்றுவது உங்கள் உடலின் வேலை. சில நாட்களுக்கு ரத்தம் கலந்த சிறுநீர், நடுநடுவே வலி, ஒருவேளை துண்டுகள் குழாயில் வரிசையாக அடைத்துக்கொண்டு இன்னொரு சிகிச்சை தேவைப்படும் நிலை ஆகியவற்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரே முறையில் முடியாமல் இரண்டாவது, மூன்றாவது முறை போவது வழக்கமே.

இது நன்றாக வேலை செய்யும் இடம்: 10 மி.மீ.க்குள், 1,000 எச்.யு.க்குக் கீழே, சிறுநீரகத்தின் மேல் அல்லது நடுப்பகுதியில் இருக்கும் கல். தோலிலிருந்து கல் வரை 10 செ.மீ.க்கு உள்ளே இருக்கும் உடல்வாகு. சிறுநீரகத்தின் கீழ் அறையில் இருக்கும் கல்லை அலை உடைத்தாலும், துண்டுகள் மேலேறி வர வேண்டும் என்பதால் அங்கேயே தங்கிவிடும். சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தால் உண்டாகும் கல், மிகக் கெட்டியான சில கால்சியம் கற்கள் உடைய மறுக்கும். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்த முடியாது என்றால் கூடாது. தொற்று இருக்கும்போதும், கல்லுக்குக் கீழே குழாய் குறுகியிருந்தாலும் கூடாது. நுட்பமான ஒரு விஷயம்: நிமிடத்துக்கு 60 முதல் 90 அடி என்ற மெதுவான வேகத்தில், குறைந்த சக்தியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் கல் நன்றாக உடைகிறது, சிறுநீரகத்துக்குச் சேதமும் குறைகிறது. அவசர அவசரமாக அடித்து முடிக்கும் இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது.

சிறுநீர்ப் பாதை வழியாக லேசர். சிறுநீர் வெளியேறும் வழியாகவே சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள குழாய்க் கேமராவை உள்ளே செலுத்தி, கல்லை நேராகப் பார்த்து, லேசரால் உடைப்பது. கீழ்க்குழாய்க் கல்லுக்கு விறைப்பான குழாய். மேல்குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் வளையும் குழாய். சிறுநீரகம் வரை வளைந்து போவதைத்தான் ஆர்.ஐ.ஆர்.எஸ். என்கிறார்கள். முழு மயக்கமோ முதுகில் ஊசியோ வேண்டும். கீறல் கிடையாது. ஒரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

லேசரில் இரண்டு பாணிகள். ஒன்று, கல்லை மாவாக அரித்துத் தானாக வெளியேற விடுவது. மற்றொன்று, துண்டுகளாக உடைத்துச் சிறு கூடை போன்ற கம்பியால் ஒவ்வொன்றாக எடுப்பது. இப்போது தூளை உறிஞ்சி எடுக்கும் உறைகளும் வந்திருக்கின்றன. எந்தப் பாணி என்பது கல்லையும் மருத்துவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. கல் கெட்டியா, மிருதுவா என்று லேசர் பார்ப்பதில்லை, எதையும் உடைக்கும். உடல் பருமன் தடையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்தை நிறுத்தவே முடியாதவர்களுக்கு மூன்றில் ஓரளவு பாதுகாப்பான வழி இதுதான்.

இதன் பாதகம் ஒரே சொல்லில் அடங்கும்: ஸ்டென்ட். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: சிலருக்குக் குழாய் இயல்பாகவே ஒடுங்கியிருக்கும். கேமரா நுழையாது. அப்போது வலிந்து தள்ளாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்து அனுப்பி, ஓரிரு வாரத்தில் குழாய் தளர்ந்த பிறகு திரும்ப அழைப்பார்கள். இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். வலிந்து தள்ளுவதுதான் குழாயைக் கிழிக்கும்.

முதுகுவழித் துளை அறுவை, அதாவது பி.சி.என்.எல். 1976-இல் ஸ்வீடனில் தொடங்கியது. விலாவுக்குக் கீழே ஊசியால் சிறுநீரகத்தைத் தொட்டு, அந்தப் பாதையை 1 செ.மீ. அளவுக்கு விரித்து, நேராக உள்ளே போய்க் கல்லை உடைத்து வெளியே எடுப்பது. மினி என்ற வகையில் துளை இன்னும் சிறியது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் 20 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கும், சிறுநீரகத்தின் அறைகள் எல்லாவற்றிலும் கிளைவிட்டுப் பரவிய மான்கொம்புக் கல்லுக்கும் ஒரே முறையில் அதிகம் சுத்தம் செய்வது இதுதான். ரத்தப்போக்கு, சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை, காய்ச்சல் ஆகியவை மற்ற இரண்டைவிட அதிகம். மருத்துவமனையில் ஒன்றிலிருந்து மூன்று நாள் இருக்க நேரும். பெரிய கல்லை வைத்துக்கொண்டு, துளைக்குப் பயந்து அதிர்வலைக்கு மூன்று முறை போவதைவிட இது நல்லது என்பது என் துணிபு. பாதி உடைந்த பெரிய கல், முழுக் கல்லைவிட அதிகத் தொல்லை தரும்.

ஆறாம் படி: பொருத்திப் பாருங்கள்

இடத்தையும் அளவையும் சேர்த்துச் சொன்னால் வழக்கமான நடைமுறை இதுதான். சிறுநீரகத்தில் 10 மி.மீ.க்குள் என்றால் அதிர்வலை அல்லது லேசர். 10 முதல் 20 மி.மீ. என்றால் மூன்றும் சாத்தியம். கீழ் அறையில் இருந்தாலோ கெட்டியாக இருந்தாலோ அதிர்வலையை விட்டுவிடலாம். 20 மி.மீ.க்கு மேல் துளை அறுவைதான் முதல் தேர்வு. குழாயில் 10 மி.மீ.க்குள் என்றால் லேசர், அதிர்வலை இரண்டும். அதற்கு மேல் லேசர்.

முன்பு பார்த்த அறிக்கைக்கு வருவோம். கீழ்க்குழாயில் 6 மி.மீ., 850 எச்.யு., லேசான வீக்கம், காய்ச்சல் இல்லை. வலி மாத்திரைக்கு அடங்குகிறது என்றால் டாம்சுலோசினோடு நான்கு வாரம் காத்திருக்கலாம். இரண்டாவது வாரத்தில் ஒரு ஸ்கேன். ஆனால் இதே மனிதர் பத்து நாளில் நெடும்பயணம் போக வேண்டும் என்றால் லேசரை இப்போதே செய்துகொள்வதும் சரிதான். கல் ஒன்றுதான், வாழ்க்கை வேறு.

இன்னொரு அறிக்கை: இடது சிறுநீரகத்தின் கீழ் அறையில் 14 மி.மீ., 1,200 எச்.யு. இவர் அதிர்வலைதான் வேண்டும் என்று நின்றால் இரண்டு எண்களும் அவருக்கு எதிராக இருக்கின்றன. கேள்வி லேசரா, மினி துளை அறுவையா என்பதாகச் சுருங்கிவிடுகிறது. லேசரில் கீறல் இல்லை, ஆனால் துண்டு மிஞ்சவும் இரண்டாவது முறை போகவும் வாய்ப்பு உண்டு. துளையில் ஒரே முறையில் முடிய வாய்ப்பு அதிகம், ஆனால் ரத்தப்போக்கு அபாயம் கூடுதல். இந்த இடத்தில் மருத்துவ நூல் உங்களுக்காக முடிவெடுக்காது. நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சிலருக்குக் கணக்கு மாறும். கர்ப்பிணிகளுக்குக் கூடிய மட்டும் காத்திருப்பு. முடியாதபோது ஸ்டென்ட், வடிகுழாய் அல்லது அனுபவமுள்ள கையால் லேசர். குழந்தைகளுக்கு அதிர்வலை பெரியவர்களைவிட நன்றாக வேலை செய்யும். துண்டுகளும் எளிதில் வெளியேறும். அசையாமல் இருக்க மயக்கம் மட்டும் தேவைப்படும். கிருமியால் உண்டாகும் கல் என்றால் ஒரு துண்டுகூட மிஞ்சாமல் எடுக்க வேண்டும். மிஞ்சியதிலிருந்து மறுபடி வளர்ந்துவிடும்.

ஒரு பக்கம் தொல்லை தரும் கல்லை எடுக்கும்போது மறுபக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லையும் சேர்த்து எடுப்பதா? முன்பு, வலி தராததை விட்டுவிடு என்றார்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், அதே மயக்கத்திலேயே சின்னக் கல்லையும் எடுத்தவர்களுக்குக் கல் தொல்லை திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. இதை மருத்துவரிடம் நீங்களாகவே எடுத்துப் பேசலாம்.

ஏழாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

“என் கல்லுக்கு ஒரே முறையில் முடிய எவ்வளவு வாய்ப்பு? முடியாவிட்டால் அடுத்தது என்ன?” என்பதில் தொடங்குங்கள். “இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள், இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் அவசரமில்லை என்று பொருள். “ஸ்டென்ட் வைப்பீர்களா, எத்தனை நாளைக்கு, எப்படி எடுப்பீர்கள்?” என்பதையும் விட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: “இந்த இடத்தில் இல்லாத சிகிச்சை ஏதாவது எனக்கு இதைவிடப் பொருந்துமா?” அதிர்வலைக் கருவி மட்டும் இருக்கும் இடத்தில் எல்லாக் கல்லும் அதிர்வலைக்கு ஏற்றதாகத் தெரியும். லேசர் மட்டும் இருக்கும் இடத்திலும் அப்படியே. நேர்மையான மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஸ்டென்ட் இருக்கும் நாட்கள்

சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் இரு முனையும் சுருண்டு நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் டி.ஜே. ஸ்டென்ட். அறுவைக்குப் பின் குழாய் வீங்கி அடைக்காமல் இருக்க அதை வைக்கிறார்கள். கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையின் சுவரை உரசிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி முட்டும். போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி போக வேண்டும்போல் இருக்கும். சிறுநீர் கழித்து முடிக்கும் தருணத்தில் விலாவில் சுருக்கென்று ஒரு வலி ஏறும். சற்று வேகமாக நடந்தால் சிறுநீர் சிவக்கும். இவை எதுவும் அறுவை கெட்டுவிட்டதன் அறிகுறி அல்ல. டாம்சுலோசினும், சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரையும் ஓரளவு ஆறுதல் தரும். காய்ச்சலோ, கட்டி கட்டியாக ரத்தமோ வந்தால் மட்டும் உடனே போக வேண்டும்.

சிக்கலில்லாத லேசர் சிகிச்சைக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு ஸ்டென்ட் தேவையே இருக்காது, கேட்டுப் பாருங்கள். எடுப்பது சில நிமிட வேலை. ஆபத்து, எடுக்க மறந்துவிடுவதில் இருக்கிறது. மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஸ்டென்ட்டின் மேல் கல் படிந்து, அதை எடுக்கவே பெரிய அறுவை தேவைப்படும் நிலை வருகிறது. வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் டிஸ்சார்ஜ் அறிக்கையில் எழுதி வாங்குங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

கல் போன பிறகு

தடுக்க முயலாவிட்டால் ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குக் கல் திரும்பி வருகிறது. ஆகவே எடுத்த கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் இருக்காது. அடிக்கடி கல் வருபவர்கள், இளவயதிலேயே வந்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

தண்ணீரைக் குடிக்கும் அளவால் கணக்கிடாமல் வெளியேறும் அளவால் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போக வேண்டும். வெயிலில் வேலை செய்பவருக்கும் குளிரூட்டிய அறையில் உட்காருபவருக்கும் ஒரே அளவு தண்ணீர் பொருந்தாது. உப்பைக் குறைத்தால் சிறுநீரில் கால்சியம் குறையும். இறைச்சியை அளவோடு உண்ண வேண்டும். கால்சியம் கல் என்பதற்காகப் பாலையும் தயிரையும் ஒதுக்குவது தலைகீழான பத்தியம். உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. 2002-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், அடிக்கடி கல் வந்த ஆண்களில் கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் கல் திரும்பியது ஏறத்தாழப் பாதிதான். மாத்திரையாக எடுக்கும் கால்சியம் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுப்பதை நிறுத்துங்கள். அது உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது.

சிகிச்சை எதுவானாலும் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஸ்கேன் கட்டாயம். மிஞ்சிய துண்டு இருக்கிறதா, சிறுநீரக வீக்கம் வடிந்துவிட்டதா என்பது அதில்தான் தெரியும். முதல் ஸ்கேனின் அறிக்கையையும் படங்களையும் அப்போது கையோடு கொண்டு போனால், மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சொல்வார்.